லாச்சப்பலில் கேட்ட ‘ஐயோ’

பாரிஸில் என் காதில் விழுந்த முதல் தமிழ்ச் சொல் ‘ஐயோ’. அதைச் சொன்னது ஒரு வெள்ளைக்காரப் பையனின் காற்சட்டைப் பை.

கார் து நோர் நிலையத்தில் என் தங்கை வசந்தி பயணச்சீட்டு இயந்திரத்தோடு சண்டை பிடித்துக்கொண்டிருந்தாள். நான் பெட்டிகளைப் பெரியது முதல் சிறியது வரை வரிசையாக நிறுத்திவிட்டுக் காவல் நின்றேன். அப்போது முதுகுக்குப் பின்னால் ஒரு பெண் குரல் எழுந்தது. “ஐயோ… ஐயையோ!” பாடசாலையில் வேலை செய்கிறவளுக்கு அந்தச் சத்தம் கேட்டால் கால் தானாக ஓடும். மாடிப்படியில் ஒரு பிள்ளை விழுந்துவிட்டாள் என்று அர்த்தம். திரும்பிப் பார்த்தேன். இருக்கைக்குக் கீழே குனிந்தும் பார்த்தேன். யாரும் விழுந்திருக்கவில்லை. பொன்னிறத் தலைமுடிப் பையன் ஒருவன் பையிலிருந்து கைபேசியை எடுத்து “அலோ” என்றான். அழுகை நின்றது.

“வசந்தி, உந்தப் பொடியன்ரை போனுக்குள்ளை எங்கடை பொம்பிளை ஒராள் அழுகிறா.”

வசந்தி இயந்திரத்தை விட்டு முகத்தைத் திருப்பவில்லை. “அது பாட்டு அக்கா. உந்தப் பாட்டைப் பற்றி மட்டும் என்னோடை கதைக்காதை. உதாலைதான் என்ரை பிள்ளையின்ரை கலியாணம் குழம்பப் போகுது.”

இப்படித்தான் புதன்கிழமை தொடங்கியது.

நான் கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு பெண்கள் பாடசாலையில் கணித ஆசிரியை. நேரசூசி போடுவதும் என் பொறுப்பு. எந்த ஆசிரியர் எந்த வகுப்புக்கு எப்போது போவது என்று நான்தான் தீர்மானிப்பேன். இதனால் ஆசிரியர் அறையில் எனக்கு நண்பர்கள் குறைவு. ஆனால் ஒரே வகுப்பறை வாசலில் இரண்டு ஆசிரியர்கள் முட்டிக்கொண்டதில்லை. வசந்தி தன் ஒரே மகள் சிந்துஜாவின் கலியாணத்துக்கு என்னைப் பெரியம்மா என்ற முறையில் மட்டும் அழைக்கவில்லை. “நீ வந்தாத்தான் இஞ்சை எல்லாம் ஒரு ஒழுங்குக்கு வரும்” என்று தொலைபேசியில் சொல்லியிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை கலியாணம். குழப்பம் என்னவென்பதைச் சொல்லாமலே என்னை விமானத்தில் ஏற்றிவிட்டாள்.

வசந்தியின் வீடு பாரிஸின் புறநகரான பொண்டியில், மாடிக் குடியிருப்பில். கதவைத் திறந்ததும் எரிவாயு கசிகிறது என்று நினைத்து நான் எல்லாச் சன்னல்களையும் திறந்துவிட்டேன். கசிந்தது பாலாடைக் கட்டி. வசந்தியின் கணவர் தேவன் ஒரு பிரெஞ்சு உணவகத்தில் சமையல் வேலை செய்கிறார். எனக்காக விசேஷமாகக் கொண்டுவந்திருந்தார்.

“மணத்தைப் பாக்காதேங்கோ மச்சாள். மூக்கைப் பொத்திக்கொண்டு வாயிலை வையுங்கோ.”

வைத்தேன். நீட்டு ரொட்டியில், எங்கள் பேச்சில் பாணில், தடவி, மேலே வசந்தி இடித்த தேங்காய்ச் சம்பலையும் வைத்தபோது மோசமில்லை. வெள்ளவத்தையில் பாண் சதுரமாக இருக்கும், வெட்டுவதற்கும் அடுக்குவதற்கும் வசதி. இங்கே அது குடை போல நீளம். வாங்கி வருகிறவர் எல்லோரும் அதன் நுனியைக் கடித்துக்கொண்டேதான் வருகிறார்கள். முழுப் பாண் ஒன்று வீடு வந்து சேர்ந்ததை அந்த வாரம் முழுக்க நான் பார்க்கவில்லை.

சாப்பாட்டு மேசையில் வழக்கு விசாரணைக்கு வந்தது. சிந்துஜா, தாய் தமிழில் கேட்டால் பிரெஞ்சில் பதில் சொல்லும் பிள்ளை. என்னோடு மட்டும் சிரமப்பட்டுத் தமிழ் பேசுவாள், கோபம் வந்தால் பிரெஞ்சுக்குப் போய்விடுவாள். அன்று பின்னேரம் முழுவதும் பிரெஞ்சுதான். வசந்தி மொழிபெயர்த்தாள். தனக்குப் பிடிக்காத இடங்களை அவள் விட்டுவிட, தேவன் சமையலறையிலிருந்து அவற்றை நிரப்பினார்.

விஷயம் இதுதான். லண்டனில் ஒரு வெள்ளைக்கார டீஜே, இணையத்தில் அகப்பட்ட ஒரு தமிழ் ஒப்பாரியை வெட்டி ஒட்டி, ‘தும் தும்’ என்று கணினித் தாளம் சேர்த்து, ஒரு நடனப் பாட்டு வெளியிட்டிருந்தான். அது அந்த ஆண்டு கோடையில் பிரித்தானியா முழுக்க ஆடித் தீர்த்த பாட்டு. அட்டையில் ஒரு மெழுகுவர்த்தி. போரில் பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு தாயின் குரல் என்று யாரோ சொல்ல, பத்திரிகைகள் பிடித்துக்கொண்டன. இலங்கையில் போர் முடிந்து அதிக காலம் ஆகவில்லை. ஒரு தாயின் கண்ணீருக்குக் குடித்துவிட்டு ஆடுவதா என்று லண்டன் தமிழர்கள் கையெழுத்து வேட்டை நடத்தினார்கள். வானொலிகள் பகலில் அந்தப் பாட்டைப் போடுவதை நிறுத்தின. அதன்பின் விற்பனை இன்னும் கூடியது. டீஜே மன்னிப்புக் கேட்டான், ஆனால் பாட்டைத் திரும்பப் பெறவில்லை. தொலைக்காட்சியில் ஒரு பேராசிரியர், இது கடலுக்குப் பறிகொடுத்தவர்களுக்காகப் பாடப்படும் தொன்மையான புலம்பல் என்று விளக்கினார். பின்னால் யோசித்தால், கொஞ்சமாவது கிட்ட வந்தவர் அவர் ஒருவர்தான்.

பாட்டில் இரண்டு குரல்கள். ஒன்று முன்னால் இழுத்து அழும் குரல். மற்றது ஒவ்வொரு அடியின் முடிவிலும் “ஐயோ… ஐயையோ!” என்று மேலே ஏறி ஒரு வெட்டு வெட்டி இறங்கும் குரல். இளைஞர்களுக்கு அந்த இரண்டாவது குரல்தான் உயிர். அது வரும் இடத்தில் எல்லோரும் ஒரேயடியாகக் குதிக்க வேண்டுமாம்.

தாலி கட்டு முடிந்தபின், விருந்துக்குப் பெண்ணும் மாப்பிள்ளையும் பாட்டோடு ஆடிக்கொண்டு மண்டபத்துக்குள் நுழைவது இப்போது இங்கே வழக்கம். சிந்துஜாவும் மாப்பிள்ளை நிரோஷனும் இந்தப் பாட்டுக்குத்தான் தோழர்களோடு மாதக்கணக்காகப் பயிற்சி எடுத்திருந்தார்கள். அது மாப்பிள்ளையின் தாய் காதுக்குப் போய்விட்டது.

“செத்தவீட்டுப் பாட்டைப் போட்டால் தான் மண்டபத்துக்கு வரமாட்டாவாம்,” என்றாள் வசந்தி.

சிந்துஜா பிரெஞ்சில் ஏதோ சொன்னாள். வசந்தி வாயைத் திறக்கவில்லை.

“போடாட்டில் தான் உள்ளுக்கு வரமாட்டாளாம்,” என்றார் தேவன் சமையலறையிலிருந்து.

மாமியார் இல்லாத மண்டபம், அல்லது மணமகள் இல்லாத மண்டபம். வசந்தி என்னைப் பார்த்தாள். அப்போதுதான் என் விமானச்சீட்டின் அர்த்தம் விளங்கியது.

வியாழக்கிழமை நான் தூது போனேன். மாப்பிள்ளையின் தாய் பரமேஸ்வரி, தமிழ்க் கடைகள் நிறைந்த லாச்சப்பலில், ரூ து ஃபொபூர் சேன்-தெனி என்ற தெருவின் மேல் முனையில் இருப்பவர். எல்லோருக்கும் பரமேஸ் அக்கா. ரயிலில் தனியாகப் போகிறேன் என்று நான்தான் சொன்னேன். இறங்கும் நிலையத்தின் பெயரை மனப்பாடம் செய்து, ரயில் நிற்பதற்கு முன்பே கதவருகே போய், பையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றேன். ரயில் நின்றது. கதவு திறக்கவில்லை. பொறுமையாக நின்றேன். ரயில் கிளம்பியது. அடுத்த நிலையத்திலும் அதே மரியாதையோடு நின்றேன், அதே மாதிரி கிளம்பியது. கொழும்பில் ரயிலுக்குக் கதவைச் சாத்தும் பழக்கமே கிடையாது என்பதால் திறப்பது பற்றி நான் யோசித்ததில்லை. கடைசியில் நாய்க்குட்டியோடு இருந்த ஒரு பிரெஞ்சுக் கிழவி எழுந்து வந்து, என் கையைப் பிடித்து, என் விரலால் கதவிலிருந்த பொத்தானை அழுத்தினாள். கதவு திறந்தது. அவள் சொன்னதை, பக்கத்தில் நின்ற ஒரு தமிழ்ப் பெடியன் மொழிபெயர்த்தான்: “கதவுக்கு நீங்கள் ஆரெண்டு தெரியாதாம் அன்ரி. தட்டினாத்தான் திறக்குமாம்.”

திரும்பி வரும் ரயிலில் பொத்தானை நிலையம் வருவதற்கு முன்பிருந்தே அழுத்திக்கொண்டு வந்தேன்.

லாச்சப்பலில் இறங்கியதும் மூக்குக்குக் கறிவேப்பிலை வாசனை எட்டியது. முருங்கைக்காய்க் கட்டுகள், இடியப்பப் பொதிகள், பட்டுச் சேலை கட்டிய பொம்மைகள், கைபேசி அட்டைக் கடைகள். வெள்ளவத்தைக் காலி வீதியை யாரோ மடித்து ஒரு பெட்டியில் வைத்து அனுப்பியது போல இருந்தது. ஒரே வித்தியாசம், இங்கே நடைபாதையில் நடக்க முடிந்தது.

பரமேஸ் அக்கா என்னை அன்பாகத்தான் வரவேற்றார். மெலிந்த, நிமிர்ந்த உடம்பு. பால்தேத்தண்ணியும் ரோல்ஸும் வந்தன. கோயில் மாதர் குழுவுக்கு அவர்தான் தலைவி. சுவரில் சாதிமல்லிகை மாலை போட்ட படங்கள் வரிசையாக, ஒரே உயரத்தில் தொங்கின. எனக்கு அவரைப் பிடித்துப்போனது.

“டீச்சர், நீங்கள் படிச்சனியள். நீங்களே சொல்லுங்கோ. எவளோ ஒரு தாய் வயித்திலை அடிச்சுக் குளறுறா. அதைப் போட்டுக்கொண்டு என்ரை மருமகள் வாசல்படி மிதிக்கிறதோ?”

“நீங்கள் பாட்டை முழுக்கக் கேட்டனீங்களோ?”

“நான் ஏன் கேக்கிறன்? தொடங்கினவுடனை நிப்பாட்டிப்போடுவன். என்ரை வீட்டிலை உதைப் போட விடமாட்டன். பஸ்ஸுக்குள்ளை போட்டால் இறங்கிவிடுவன்.” அவர் முகம் சிவந்திருந்தது. “சகுனம் ஒரு பக்கம். மனுசத்தன்மை எண்டு ஒண்டு இருக்கெல்லே?”

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. பொண்டிக்குத் திரும்பி வந்து அதைச் சொன்னபோது, சிந்துஜா அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். அந்தக் கதவுக்குப் பொத்தான் இல்லை.

வெள்ளிக்கிழமை ரூ பெர்தொனே என்ற தெருவில் உள்ள நகைக்கடையில் தாலிக்கொடியை எடுக்க வேண்டியிருந்தது. வசந்திக்குத் தலையிடி. நானும் சிந்துஜாவும் போனோம். கொடியை வாங்கி என் பையின் உள்பைக்குள் வைத்துப் பூட்டிக்கொண்டபின், வசந்தி சொல்லிவிட்ட கணவாய் வாங்க ஒரு மீன்கடைக்குள் நுழைந்தோம். கடையின் பெயரை எழுதமாட்டேன், காரணம் பின்னால் வரும்.

கடைக்கு உள்ளேயிருந்து ஒரு பெண் யாரையோ திட்டினாள். “எடேய், ஐஸை அங்கை கொட்டாதை எண்டு சொன்னனெல்லோ!”

நான் நின்றுவிட்டேன். வகுப்பின் கடைசி வரிசையில் யார் பேசினாலும், கரும்பலகையைப் பார்த்தபடியே பெயர் சொல்லிக் கூப்பிடுவது ஆசிரியைகளுக்குப் பழக்கம். ‘சொன்னனெல்லோ’ என்று இழுத்த இடத்தில் ஒரு கரகரப்பு இருந்தது. இரண்டு நாளாக வீட்டிலும் தெருவிலும் கேட்டுக்கொண்டிருந்த கரகரப்பு.

“சிந்து, உந்தப் பாட்டை ஒருக்காப் போடு.”

“இஞ்சையா?”

“இஞ்சைதான்.”

அவள் போட்டாள். உள்ளேயிருந்து, றப்பர் சப்பாத்தும் மேலங்கியுமாக, கையில் மீன் வெட்டும் கத்தியோடு, கட்டையான ஒரு பெண் வந்தார். புஷ்பம் அக்கா என்று பின்னால் தெரிந்துகொண்டேன். காதைக் கைபேசிக்குக் கிட்டக் கொண்டுபோனார். கண்கள் விரிந்தன.

“எடி! இது நானடி!”

சிந்துஜா கையிலிருந்த கைபேசியைக் கணவாய்த் தட்டில் போட்டுவிட்டாள்.

“நான்தான்! ஆனா இதுக்குள்ளை ஏன் தகரத்திலை தட்டுறாங்கள்?”

“அக்கா,” என்றேன் மெதுவாக, “நீங்கள் ஆரை இழந்தனீங்கள்?”

“ஆரையோ? என்ரை கொன்ஜெலத்தரை!”

கொன்ஜெலத்தர் என்றால் பிரெஞ்சில் உறைபெட்டி. மீன் வைக்கும் பெரிய வெள்ளைப் பெட்டி. முந்தின ஆண்டு, வெயில் கொளுத்திய ஒரு விடுமுறையில் கடை பூட்டியிருக்க, அது உள்ளே செத்துக் கிடந்திருக்கிறது. திறந்த அன்று காலை வாடிக்கையாளர்கள் வாசலில் நிறைந்து நின்றார்கள். எல்லோரும் முன்கூட்டியே சொல்லி வைத்த அறுக்குளா முதலான மீன் எல்லாம் போய்விட்டது.

“அழுறதோ சிரிக்கிறதோ தெரியேல்லை. மூடியைத் திறந்தன், மணத்தோடை ஒப்பாரியும் வந்திட்டுது. கட்டிப்பிடிச்சுக்கொண்டு பாடினன். சனம் சிரிச்சுச் செத்துப்போச்சு. லண்டனிலையிருந்து வந்த பொடியன் ஒருத்தன் போனைப் பிடிச்சுக்கொண்டு நிண்டவன். ‘அன்ரி, இன்னொருக்கா’ எண்டவன். நாசமாப் போவான்.”

“அந்த ‘ஐயோ’ ஆர்?” என்று சிந்துஜா கேட்டாள். அவளுக்கு அதுதான் முக்கியம்.

“கடை நிறைஞ்ச சனம். ஒராள் ஒப்பாரி எடுத்தால் மற்றாள் பிடிக்கிறது வழமைதானே? பின்னாலை ஆரோ பிடிச்சா. நல்லாத்தான் பிடிச்சா. எனக்குக் கண்ணெல்லாம் மீனிலை.” பிறகு பாட்டை இன்னொரு முறை கேட்டுவிட்டு, முதல் முறையாக உண்மையிலேயே கோபப்பட்டார். “நடுவிலை இருந்ததை வெட்டிப்போட்டாங்கள்! அதுதான் நல்ல இடம்.”

கத்தியைத் தட்டில் வைத்துவிட்டு, கையைத் துடைத்து, மெதுவாக எடுத்துப் பாடினார்.

“மூலையிலை நிண்டவனே,
முணுமுணுத்துக் குளிர்ந்தவனே,
அறுக்குளாவை நம்பித் தந்தன்,
ஆருக்கும் சொல்லாமல் போனியே…”

சிந்துஜா குதித்தாள். “இதை எல்லாருக்கும் சொல்லவேணும்! லண்டன் பேப்பருக்கு எழுதவேணும்! ஒருத்தரும் சாகேல்லை!”

புஷ்பம் அக்கா மறுபடி கத்தியைக் கையில் எடுத்தார். “வாயைத் திறந்தாய் எண்டால் பார். மீன் நாறின கதையைப் பேப்பரிலை போட்டால் பேந்து ஆர் பிள்ளை என்ரை கடைக்கு வருவினம்? அவங்கள் தாய் எண்டு நினைச்சு அழட்டும்.”

பரமேஸ் அக்காவிடம் மட்டும் சொல்ல ஒத்துக்கொண்டார். பரமேஸ் அக்கா நல்ல வாடிக்கையாம். மேலங்கியைக் கழற்றிவிட்டு எங்களோடு நடந்தார். வழக்கு முடிந்தது என்று நினைத்தேன்.

முடியவில்லை. பரமேஸ் அக்கா நாற்காலி நுனியில் இருந்து, கைகளை மடியில் கோத்துக்கொண்டு, எல்லாவற்றையும் கேட்டார். ஒரு முறைகூடச் சிரிக்கவில்லை.

“அண்டைக்கு எவ்வளவு சாமான்,” என்று புஷ்பம் அக்கா கணக்குச் சொன்னார். “அறுக்குளா, பாரை, கணவாய்…”

“கணவாய் இல்லை. விளைமீன்,” என்றார் பரமேஸ் அக்கா.

“உங்களுக்கு எப்படித் தெரியும்?” என்று கேட்டேன். சரியான விடை சொன்னவரிடம் வழியையும் கேட்பது என் தொழில்.

“நான் உவவிட்டைத்தானே மீன் வாங்கிறனான்,” என்று சொல்லிவிட்டு, மேசையில் தேத்தண்ணி ஆறாமல் இருக்கும்போதே, இன்னும் தேத்தண்ணி போட உள்ளே போனார். திரும்பி வந்தபோது தீர்ப்போடு வந்தார். “மனுசருக்கோ பெட்டிக்கோ, ஒப்பாரி ஒப்பாரிதான். கலியாண வீட்டிலை அந்தக் குரல் கேக்கக் கூடாது. முக்கியமா அந்த ‘ஐயோ’. அது கேட்டால் நான் எழும்பிப் போயிடுவன்.”

அதற்குமேல் நான் செய்யக்கூடியது நேரசூசிக்காரி செய்வதுதான். இரண்டு பேரையும் ஒரே அறைக்குள் போடாமல் இருப்பது. பாட்டின் தாளம் மட்டும் ஒலிக்கும், குரல் இருக்காது. சிந்துஜா தாளத்துக்கு ஆடிக்கொண்டு வரலாம், பரமேஸ் அக்கா இருக்கையில் இருக்கலாம். இருவரும் ஒத்துக்கொண்டார்கள், இருவரும் என்னை வெறுத்தார்கள். எனக்கு அது பழக்கம். புஷ்பம் அக்காவையும் கலியாணத்துக்கு அழைத்தோம். “மீன் இல்லாத கலியாணத்துக்கு வந்து என்ன செய்யிறது?” என்றார். ஆனால் வருவதாகச் சொன்னார்.

வீடு திரும்பும் வழியில், பொண்டியில் இறங்கும்போது சிந்துஜா, “அந்த ‘ஐயோ’ இல்லாட்டில் எங்கை குதிக்கிறது பெரியம்மா?” என்று தமிழில் கேட்டாள். பிரெஞ்சில் கேட்டிருந்தால் இவ்வளவு வலித்திருக்காது.

சனிக்கிழமை தேவன் என்னைக் கோபுரம் பார்க்கக் கூட்டிக்கொண்டு போனார். கோபுரம் உயரமாக இருந்தது. அதன் கீழே சில ஆங்கிலேயப் பிள்ளைகள் ஒரு சிறு பெட்டியில் பாட்டைப் போட்டு ஆடினார்கள், சரியான இடத்தில் சரியாகக் குதித்தார்கள். அவர்களில் ஒருத்தி ஆடி முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். போரில் மகனை இழந்த தாயை நினைத்திருப்பாள், பாவம். அவளிடம் அறுக்குளாவைப் பற்றிச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை, ஆங்கிலத்தில் அதற்குச் சரியான சொல்லும் உடனே வரவில்லை. தேவன் எனக்குக் குறோசோ என்ற பிறை வடிவப் பாண் ஒன்று வாங்கித் தந்தார். அது சேலை முழுக்க உதிர்ந்தது. மீன் பொதிந்த எங்கள் மாலுபாண் ஒருபோதும் அப்படிச் செய்யாது.

ஞாயிறு. தாலி கட்டு குறையில்லாமல் முடிந்தது. ஐயர் மந்திரத்தைச் சற்று வேகமாகச் சொன்னார், மண்டபத்தை மாலைக்குள் திருப்பிக் கொடுக்க வேண்டும். மத்தியானம் விருந்து. அதற்கான ஒழுங்கு முழுவதும் என் கையில். பொம்பிளை மாப்பிள்ளை உள்ளே வரும்போது தண்ணீர் கொதிக்கத் தொடங்க வேண்டும், அவர்கள் ஆடி முடித்து அமரும்போது எல்லோர் கையிலும் சுடச்சுடத் தேத்தண்ணி இருக்க வேண்டும் என்று திட்டமிட்டிருந்தேன். மண்டபத்தில் குளிர்பானம் மட்டும்தான் தருவார்கள். தேத்தண்ணி கொடுக்காமல் எங்கள் ஆட்களைக் கதிரையில் இருத்த முடியுமா? கோயிலிலிருந்து கொண்டுவந்த மின்சாரக் கொதிகலங்களைச் சுவரோரம் ஒரே வரிசையில், ஒரே உயரத்தில், ஒரே மின்கம்பியில் அழகாக அடுக்கியிருந்தேன். பரமேஸ் அக்கா வந்து பார்த்து, “வடிவா அடுக்கியிருக்கிறியள் டீச்சர்” என்றார். அவர் என்னோடு மறுபடி கதைத்தது அப்போதுதான்.

கதவு திறந்தது. வாசலில் சிவப்புச் சேலையில் சிந்துஜா, பக்கத்தில் நிரோஷன், பின்னால் கறுப்புக் கண்ணாடி போட்ட தோழர் கூட்டம். மண்டபத்து டீஜே தாளத்தைப் போட்டான். தும், தும். விளக்குகள் சுழன்றன. நான் கையைக் காட்டினேன், கொதிகலங்கள் எல்லாவற்றின் விசையையும் ஒன்றாகப் போட்டார்கள்.

டப்.

விளக்கு இல்லை, தாளம் இல்லை. சிந்துஜா ஒரு காலைத் தூக்கியபடி வாசலிலேயே நின்றாள்.

“திஸ்ஜோங்தர் விழுந்திட்டுது!” என்று சமையல் பக்கமிருந்து யாரோ கத்தினார். மின்சாரம் தாங்காமல் விசை விழுந்துவிட்டது என்று அர்த்தம். அதைத் தூக்கிவிட விசைப்பெட்டியின் சாவி வேண்டும், சாவி வைத்திருந்த பிரெஞ்சுக்காரர் சாப்பிடப் போய்விட்டார்.

சன்னல் வெளிச்சத்தில் முகங்கள் தெரிந்தன. பிறகு அந்த முணுமுணுப்பு தொடங்கியது, நான் பயந்த முணுமுணுப்பு. “வாசலிலை வைச்சு விளக்கு நூந்திட்டுதே…” “சகுனம் சரியில்லைப் போல…” வசந்தி சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். தூக்கிய காலை எங்கே வைப்பது என்று சிந்துஜாவுக்குத் தெரியவில்லை. மை கரைந்து கன்னத்தில் இறங்கத் தொடங்கியது.

அப்போது நடுவரிசையில் ஒரு கதிரை நகர்ந்தது. புஷ்பம் அக்கா, பட்டுச் சேலையில், மேடை ஓரத்தில் நின்ற ஒலிபெருக்கியிடம் போனார். அது ஓராள் உயரம். அதன் தோளில் கை வைத்தார். பிறகு கட்டிப்பிடித்தார்.

“தும் தும் எண்டு அடிச்சவனே,
தூணோடை நிண்டவனே,
பொம்பிளை வாசலிலை நிக்க,
பேச்சு மூச்சில்லாமல் போனியே…”

அடி முடிந்தது. அந்த இடத்தில் ஒரு வெற்றிடம் இருந்தது. எல்லோருக்கும் அது தெரிந்தது.

முன்வரிசையிலிருந்து அது வந்தது.

“ஐயோ… ஐயையோ!”

மேலே ஏறி, ஒரு வெட்டு வெட்டி, இறங்கியது. கார் து நோரில் பையனின் காற்சட்டைப் பையிலிருந்து கேட்ட அதே குரல், அதே ஏற்றம், அதே வெட்டு. பரமேஸ் அக்கா கையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார். பொத்தி என்ன பயன்? கறுப்புக் கண்ணாடிக் கூட்டம் முழுவதும் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவரைப் பார்த்துக்கொண்டு நின்றது. நிரோஷன், “மாமா?” என்றான். பிரெஞ்சில் அம்மாவை அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

புஷ்பம் அக்கா ஒலிபெருக்கியை விடாமல் தலையை மட்டும் திருப்பினார். “அது நீங்களோ! அதுதானே பாத்தன், விளைமீன் எண்டு எப்படித் தெரியுமெண்டு!”

பரமேஸ் அக்கா எழுந்தார். எழும்பிப் போய்விடுவேன் என்று சொன்னது எனக்கு நினைவுக்கு வந்தது. மாதர் குழுத் தலைவி. பஸ்ஸிலிருந்து இறங்கிப் போனவர். லண்டன் முழுக்க யாருக்காகக் கண்ணீர் விட்டதோ, அந்தத் தாயின் குரலில் பாதி. அவர் வாசல் பக்கமாகத்தான் நடந்தார். சிந்துஜாவுக்கு முன்னால் போய் நின்றார். சேலைத் தலைப்பால் அவள் கன்னத்து மையைத் துடைத்தார்.

“என்ன பாத்துக்கொண்டு நிக்கிறாய்? வலது காலை வைச்சு உள்ளுக்கு வா. ஆடிக்கொண்டு வா.”

“பாட்டு இல்லையே மாமி.”

“அதுக்குத்தானே நாங்கள் ரெண்டு பேர் நிக்கிறம்.”

பிறகு நடந்ததை ஒழுங்காக எழுத முடியாது, ஏனென்றால் அதில் ஒழுங்கு இருக்கவில்லை. யாரோ மேசையில் தாளம் தட்டினார்கள். மற்றவர்கள் தேத்தண்ணிக் கோப்பையில் கரண்டியால் தட்டினார்கள். புஷ்பம் அக்கா ஒலிபெருக்கியிலிருந்து கொதிகலங்களுக்கு வந்து அவற்றுக்கும் ஓர் அடி பாடினார். அதில் என் பெயரும் இருந்தது, அதை இங்கே எழுதமாட்டேன். ஒவ்வொரு அடிக்கும் பரமேஸ் அக்கா “ஐயோ” எடுத்தார். அந்த இடத்தில் சிந்துஜா குதித்தாள், நிரோஷன் குதித்தான், தேவன் குதித்தார், கடைசியில் ஐயரும் கொஞ்சம் குதித்தார். சாவிக்காரர் வந்து மின்சாரத்தைத் தந்தபோது, டீஜே ஆர்வமாகக் குரலோடு உள்ள பாட்டையே போட்டான். எல்லோரும் ஒரே குரலில் நிறுத்தச் சொன்னார்கள். மண்டபத்தில் இருந்தது அதைவிட நன்றாக இருந்ததாம்.

விருந்தின்போது பரமேஸ் அக்கா என் பக்கத்தில் வந்து இருந்தார். சோற்றைப் பிசைந்தபடி, என்னைப் பார்க்காமல் சொன்னார்:

“டீச்சர், என்ரை முழு விளைமீன் அதுக்குள்ளை கிடந்தது. நிரோவின்ரை பிறந்தநாளுக்குச் சொல்லி வைச்சது. வாயிலை வந்திட்டுது. லண்டனிலை ஒரு தாய் எண்டு சனம் அழுதுகொண்டு திரிய, நான் என்னெண்டு போய் மீனுக்குத்தான் எண்டு சொல்லுறது?”

“ஒருத்தருக்கும் சொல்லமாட்டன்,” என்றேன்.

“எழுதியும் போடாதேங்கோ. நீங்கள் எழுதுற ஆள் எண்டு வசந்தி சொன்னவள்.”

பெயர்களை மாற்றிவிடுகிறேன் என்றேன். சற்று யோசித்தார். “மாத்தினாலும் நல்ல பேராப் போடுங்கோ,” என்றார்.

போட்டிருக்கிறேன்.

வெள்ளவத்தை வந்து சேர்ந்தபோது மழை. காலி வீதியில் வந்த முச்சக்கர வண்டிக்காரன் அதே பாட்டைப் போட்டிருந்தான். “மிஸ், சரியான சோகப் பாட்டு என்ன?” என்றான். ஓம் என்றேன். அவன் கண்ணாடி வழியாகப் பார்த்தபடி தலையாட்டினான். ‘ஐயோ’ வரும் இடத்தில் வண்டி ஒரு பள்ளத்தில் விழுந்து எழும்பியது, நாங்கள் இருவரும் சரியான நேரத்தில் குதித்தோம்.

வீட்டுக்குள் வந்ததும் பெட்டியை இறக்குவதற்கு முன்பே சமையலறைக்குப் போய், குளிர்சாதனப் பெட்டியின் மேல் கை வைத்துப் பார்த்தேன். மூலையில் நின்று முணுமுணுத்துக்கொண்டிருந்தது.